டில்டாவின் வலப்பக்கக் கதவு

கொட்டகைக்குள்ளிருந்து தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டபோது, யாரோ குழாயை மூட மறந்துவிட்டார்கள் என்றுதான் ஜோலீன் முதலில் நினைத்தாள்.

ஏனென்றால் அந்தக் கொட்டகையில் தண்ணீருக்கு வேலையே கிடையாது. அங்கே நிற்பது டில்டா. 1951-இல் தொழிற்சாலையை விட்டு வந்த, பின்னால் திறந்த தொட்டி வைத்த பச்சை செவர்லே பிக்கப். அதன் மேல் ஈரத்துணி படக்கூடாது என்பது ஜோலீனின் அப்பா ஓர்லின் ஷ்ராக் போட்டுவைத்த சட்டம். காய்ந்த துணியால் தூசி தட்டலாம். கழுவுவது, தேய்ப்பது, மெழுகு போடுவது எல்லாம் மகா பாவம்.

"ஒரு வண்டி ஒரு தடவைதான் ஒரிஜினலா இருக்கும். பெயின்ட்டை எந்தக் கடையிலயும் வாங்கலாம். எழுவது வருஷத்து வெயிலை எந்தக் கடையில வாங்குவே?" என்பார்.

கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். எம்மர்டன் அப்படிப்பட்ட ஊர். சுற்றிலும் கோதுமை வயல், நடுவில் கோர்ட், ஒவ்வொரு வீட்டுக் கொட்டகையிலும் தாத்தா காலத்து பிக்கப் ஒன்று. பெண் கேட்டு வருகிறவனைக்கூட என்ன வண்டி என்று முதலில் கேட்டுவிட்டு, என்ன சம்பளம் என்று அப்புறம்தான் கேட்பார்கள்.

மார்ச் மாதம் ஓர்லின் கண்ணை மூடினார். டில்டா யாருக்கு என்று அண்ணன் கெண்டலும் தங்கை ஜோலீனும் கோடை முழுக்க முட்டிக்கொண்டதும், கடைசியில் உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம் என்று கவுன்டி மியூசியத்துக்கே கொடுக்க ஒப்புக்கொண்டதும் ஊரே பார்த்த கதைதான். இன்றைக்குத்தான் அந்த நாள். பழைய வண்டிகளின் வருஷாந்தர ஊர்வலம். பழைய வண்டிக்காரர்கள் சங்கத்தில் யார் இறந்தாலும் அந்த வருஷம் அவர் வண்டிதான் முதலில் போகும். அது முடிந்ததும் டில்டா நேராக மியூசியத்துக்குள் போய்விடும். வாசலில் வைக்கப் பலகைகூடத் தயார். 'தொழிற்சாலையை விட்டு வந்தது வந்தபடி.'

ஜோலீன் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் கையிலிருந்த காபி தளும்பிக் காலில் கொட்டியது.

அம்மா ஆர்டிஸ் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு நின்றிருந்தாள். காலடியில் பக்கெட். கையில் பாத்திரம் தேய்க்கிற நார். டில்டா நனைந்து, நுரை வழிய, தலைக்குக் குளித்த குழந்தை மாதிரி நின்றிருந்தது.

"அம்மா!"

"கத்தாதே. கோழியெல்லாம் பயப்படும்."

"என்னம்மா பண்றீங்க?"

"பாத்தா தெரியலையா? ஊர்வலத்துல முதல்ல போற வண்டி. உங்கப்பா பேருல போறது. சுத்தமா போக வேணாமா?"

ஜோலீன் ஓடிப்போய் வலப்பக்கக் கதவைப் பார்த்தாள்.

டில்டாவின் இரண்டு கதவுகளிலும் வெள்ளை எழுத்து உண்டு. 'ரீகர் அண்ட் சன்ஸ், விதை வியாபாரம்.' முதல் சொந்தக்காரர் கையால் எழுத வைத்தது. வெளிறி, விரிசல் விட்டு, பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் இருக்கும் அந்த எழுத்தைப் படம் எடுக்க பக்கத்து மாநிலமான நெப்ராஸ்காவிலிருந்தெல்லாம் வண்டிப் பித்தர்கள் வருவார்கள். இப்போது வலப்பக்கக் கதவு வெறும் பச்சையாக இருந்தது. எழுத்தெல்லாம் பாலாகக் கரைந்து பக்கெட்டுக்குள் போயிருந்தது.

அம்மாவுக்குப் புத்தி தடுமாற ஆரம்பித்துவிட்டதோ என்று ஜோலீனுக்குப் பயம் வந்தது. அப்பா போனதிலிருந்து அம்மா பேசுவது குறைந்திருந்தது. நான்தான் கூடவே இருந்து பார்த்திருக்க வேண்டும் என்று தன்னையே நொந்துகொண்டாள்.

அந்த நேரம் பார்த்து கெண்டலின் கார் வந்து நின்றது. சங்கத்தில் இந்த வருஷம்தான் அவனை நடுவராக்கியிருந்தார்கள். அப்பா உட்கார்ந்த இடம். இஸ்திரி போட்ட சட்டையும் நெஞ்சில் நடுவர் பட்டையுமாக, மாப்பிள்ளைக் களையோடு உள்ளே வந்தான். கதவைப் பார்த்ததும் அந்தக் களை இறங்கிவிட்டது.

"யாரு செஞ்சது?"

"நான்தான்டா."

"ஏம்மா?"

"அழுக்கா இருந்துச்சு."

"அது அழுக்கில்லம்மா! அது… அது எழுவது வருஷம்!"

"எழுவது வருஷ அழுக்கு" என்றாள் ஆர்டிஸ், நாரைப் பிழிந்துகொண்டே.

கெண்டல் தலையில் கை வைத்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்று சுற்றினான். பிறகு மூச்சை இழுத்து விட்டான். அப்பா மாதிரியே காரியக்காரன். அழுதுகொண்டு நிற்கிற ஆள் இல்லை.

"சரி. இன்னும் நேரம் இருக்கு. இடப்பக்கத்தைப் பாத்து நானே எழுதிடறேன். தண்ணி பெயின்ட்டை நல்லா நீர்க்கக் கலந்து எழுதி, காய்ஞ்சதும் இரும்பு நாரால லேசா தேச்சு விட்டா ஒரு பயலுக்கும் தெரியாது."

"ஆமா" என்றாள் ஆர்டிஸ். "உங்கப்பாவும் அப்படித்தான் எழுதினார்."

கதவிலிருந்து ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

ஜோலீன் மெல்ல இடப்பக்கம் போனாள். அந்தக் கதவிலும் நுரை இருந்தது. அம்மா அதையும் அதே நாரால், அதே கையால் தேய்த்திருந்தாள். ஆனால் ரீகரின் எழுத்து அங்கே அசையாமல் இருந்தது. விரலால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தாள். வெயிலில் வெந்து இரும்போடு இரும்பாகிப்போன பெயின்ட், ஒரு பொட்டுகூட வரவில்லை.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஈரத்துணி படக்கூடாது என்ற சட்டம் எதற்காக வந்தது என்பதும் சேர்த்தே விளங்கியது.

"எப்போம்மா?" என்று கேட்டாள்.

ஆர்டிஸ் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் வீட்ல இல்லாத வருஷம். அறுவடை. வயலுக்குச் சாப்பாடு கொண்டுபோக வேற வண்டி இல்லேன்னு டில்டாவை எடுத்துக்கிட்டுப் போனேன். இரும்புக் குதிர் பக்கத்துல திருப்பறப்ப, தானியம் ஏத்தற குழாய் இருக்குல்ல, அது இந்தப் பக்கம் கிழிச்சிருச்சு. கதவு உள்ள மடங்கிப்போச்சு. நான் அழுதேன். உங்கப்பா ஒரு வார்த்தை திட்டலை. நெப்ராஸ்காவுல ஒரு காயலான் கடையில இதே பச்சையில கதவு பிடிச்சிட்டு வந்தார். எழுத்து இல்லாத கதவு. ஒரு வாரம் இங்கேயே உக்காந்து எழுதினார். அவ்வளவு நல்லா எழுதுவார்னு எனக்கே தெரியாது."

"இருக்கட்டும்மா" என்றான் கெண்டல். "உங்களுக்காகத்தானே செஞ்சார்?"

"அப்படித்தான் சொன்னார். பாதி நெசம். பாதி, எதையும் மாத்தாத வண்டிக்குக் குடுக்கற அந்தக் கோப்பைக்காக." அவள் நாரைக் கீழே வைத்தாள். "அத்தோட விட்டிருந்தா நானும் விட்டிருப்பேன். அதே வருஷ ஊர்வலத்துலதான் உங்க மாமாவை வரிசையை விட்டுத் தள்ளினார்."

அந்தக் கதை ஊருக்கே தெரியும். டெல்பர்ட் பென்னர், ஆர்டிஸின் அண்ணன், ஒரே வேலிக்கு அந்தப் பக்கம் வீடு. அவருடைய பிக்கப்பின் கதவு மூலையில், நடுவராக இருந்த ஓர்லின், பெயின்ட் கீறாமல் இருக்கத் துணி சுற்றிய காந்தத்தை வைத்தார். அடியில் இரும்பு இல்லாததால் காந்தம் ஒட்டவில்லை. துரு விழுந்த இடத்தில் டெல்பர்ட் பட்டி வைத்துப் பெயின்ட் அடித்திருந்தார். "மச்சான்னு பாத்தா நியாயம் நிக்காது" என்று ஓர்லின் மைக்கிலேயே சொல்லி அவர் வண்டியை வரிசையிலிருந்து நீக்கினார். சொந்த மச்சானையே தள்ளிய மனுஷன் என்று அன்றைக்கு அவருக்குக் கிடைத்த பெயர் சாகும்வரை நின்றது. அன்றோடு டெல்பர்ட் தங்கை வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஓர்லினை அடக்கம் செய்த அன்றுகூட மயானத்து வேலிக்கு வெளியே, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்.

"இத்தனை வருஷம் சும்மா இருந்துட்டு இன்னிக்கு ஏம்மா?" ஜோலீனுக்குக் கோபமும் வந்தது. அப்பாவைப் பற்றி அவளிடம் மிச்சம் இருந்ததே அந்த நல்ல பெயர்தான். அதை அம்மா ஒரு பாத்திர நாரால் அழித்துவிட்டாளே என்று இருந்தது.

"அவர் பொய் அவரோட போகட்டும்னுதான் இருந்தேன். நேத்து நீ பாத்திரம் கழுவிக்கிட்டே கத்திப் பாத்தே பாரு."

ஊர்வலத்தில் ஒவ்வொரு வண்டியும் கோர்ட் வாசல் மேடையைத் தாண்டும்போது மைக்கில் ஒரு கேள்வி வரும். 'என்ன மாத்தினே?' ஓட்டுகிறவர் கத்திப் பதில் சொல்ல வேண்டும். 'இன்ஜின்!' என்பார் ஒருத்தர். 'நாலு சக்கரமும்!' என்பார் இன்னொருத்தர். 'பொண்டாட்டியை!' என்று கத்திவிட்டு அன்றைக்கு வீட்டில் சோறு கிடைக்காமல் போனவரும் உண்டு. ஓர்லினின் பதில் வருஷா வருஷம் ஒன்றுதான். 'ஒண்ணுமே மாத்தலே!' கூட்டமும் அவரோடு சேர்ந்து கத்தும். இந்த வருஷம் ஓட்டப்போவது ஜோலீன். அப்பா மாதிரியே கம்பீரமாக வரவேண்டும் என்று அடுப்படியில் பழகிப் பார்த்திருந்தாள்.

"அந்தப் பொய் உன் வாய்க்கு வந்திருச்சு. உனக்கு அது பொய்யின்னே தெரியாது. ஆம்னா ஆம், இல்லேன்னா இல்லேன்னு சொல்லி வளத்த வீடு இது. அதான் கழுவினேன்."

கெண்டல் பையிலிருந்து அப்பாவின் காந்தத்தை எடுத்தான். அதே பழைய துணி சுற்றியிருந்தது.

"அப்ப இதை எதுக்கும்மா எனக்குக் குடுத்தீங்க?"

ஆர்டிஸ் கீழே வைத்த நாரை மறுபடி எடுத்தாள்.

"மேடையில கேள்வி கேக்கப்போறது நான்" என்றான். "ஊரே நிக்கும். செத்துப்போன மனுஷன் எழுந்து வந்து பதில் சொல்ல முடியாது. யோசிச்சுக்குங்க." கார் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போய்விட்டான்.

அண்ணன் சொன்னதில் தப்பில்லை என்றுதான் ஜோலீனுக்கும் பட்டது.

கொஞ்ச நேரம் கழித்து இருவரும் கிளம்பினார்கள். டில்டாவை எழுப்ப ஒரு பக்குவம் வேண்டும். சோக்கை இழுத்து, ஆக்ஸிலரேட்டரை ஒரே ஒரு மிதி மிதித்து, கெஞ்சுகிற மாதிரி காத்திருக்க வேண்டும். டில்டா இருமிவிட்டு எழுந்தது. ஆர்டிஸ் மடியில் துணி மூடிய கூடையோடு ஏறினாள். முட்டைக்கோசும் கறியும் வைத்துச் சுட்ட பியராக் ரொட்டி. கொட்டகை வாசம் போய் வண்டிக்குள் அந்த வாசம் நிறைந்தது.

சாலை முக்கில் ஆர்டிஸ் சொன்னாள். "இடது பக்கம் திருப்பு."

"கோர்ட் வலது பக்கம்மா."

"தெரியும். உங்க மாமா வீடு இடது பக்கம்."

டெல்பர்ட் முற்றத்தில் புல்வெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். டில்டாவின் சத்தம் கேட்டும் தலை தூக்கவில்லை. வண்டி நின்ற பிறகுதான் எழுந்து வந்தார். தங்கை முகத்தைப் பார்க்கவில்லை. அவள் உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவைத்தான் பார்த்தார்.

"மொட்டையா இருக்கு."

"நான்தாண்ணே கழுவினேன்."

"எதை வெச்சு?"

"பாத்திரம் தேய்க்கிற நார்."

டெல்பர்ட்டின் உதடு துடித்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று ஜோலீனுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. "ஓர்லின் இருந்திருந்தா, இதைப் பாத்தே போயிருப்பான்" என்றார்.

ஆர்டிஸ் சிரிக்கவில்லை. "அண்ணே, அந்தக் கதவை இடிச்சது நான். மாத்தினது அவர். உன்னைக் கூட்டத்துல வெச்சு அவமானப்படுத்தினாரே, அப்பவே அவர் வண்டியில இருந்தது வேற கதவு. எனக்குத் தெரியும். தெரிஞ்சே வாயை மூடிக்கிட்டு நின்னேன்."

"எனக்கும்தான் தெரியும்."

அவர் திரும்பித் தன் கொட்டகைக்குள் நடந்தார். ஆர்டிஸ் கூடையையும் எடுத்துக்கொள்ள, இருவரும் பின்னாலேயே போனார்கள். உள்ளே அவருடைய பிக்கப் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. அதற்குப் பின்னால் சுவரில் ஒரு கதவு மாட்டியிருந்தது. நடுவில் மடங்கிய பச்சைக் கதவு. மடிப்புக்கு மேலே 'ரீகர்', கீழே 'விதை வியாபாரம்'.

ஆர்டிஸ் கிட்டப் போய் அந்த மடிப்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"உங்க மேய்ச்சல் நிலத்து ஓடையில தூக்கிப் போட்டிருந்தான்" என்றார் டெல்பர்ட். "என் கன்னுக்குட்டி ஒண்ணு வேலி தாண்டிருச்சு. தேடிப் போனப்ப பாத்தேன். வீசி எறிய மனசு வரலை, எடுத்துட்டு வந்தேன். ரீகர் கையெழுத்தாச்சே."

"எப்போ மாமா?" என்றாள் ஜோலீன். மாமா என்ற சொல் பல வருஷம் கழித்து வாயில் வந்தது. அவளுக்கே கூச்சமாக இருந்தது.

"அந்த வருஷம் ஊர்வலத்துக்கு முன்னாடி."

அவளால் நம்ப முடியவில்லை. "அப்ப அப்பா உங்களை மைக்ல அப்படிப் பேசினப்ப, இது இங்கதான் இருந்துச்சா?"

"இங்கதான். இதே ஆணியில."

"ஏன் மாமா சொல்லலே? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே!"

டெல்பர்ட் முதல் தடவையாகத் தங்கையின் முகத்தைப் பார்த்தார்.

"சொல்லிட்டு நான் என் வீட்டுக்கு வந்துடுவேன். இவ அந்த வீட்டுக்குள்ளதானே இருக்கணும்? கோவம் இருந்துச்சு, இல்லேங்கலை. அதுக்காகத் தங்கச்சி வீட்டைக் கலைக்க முடியுமா?" தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "ஆனா நீ வருவேன்னு நெனச்சேன், ஆர்டிஸ். வேலிக்கு இந்தப் பக்கம் வந்து, ஆமாண்ணேன்னு ஒரு வார்த்தை. ஒவ்வொரு வருஷமும் நெனச்சேன்."

ஆர்டிஸ் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். புருஷன் செத்த அன்றுகூட அம்மா இப்படி அழுது ஜோலீன் பார்த்ததில்லை. டெல்பர்ட்டுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த ஊர் ஆண்களுக்கு அழுகிறவர்களைத் தேற்றத் தெரியாது. வண்டியைத்தான் தேற்றத் தெரியும். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "பியராக் வாசம் வருதே" என்றார்.

"உனக்குத்தாண்ணே" என்றாள் அவள், விசும்பலுக்கு நடுவில்.

அவர் ஒன்றை எடுத்து நின்றபடியே தின்றார். தின்று முடித்து, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, சுவரிலிருந்து கதவை இறக்கினார்.

"பாப்பா, அந்தப் பக்கம் பிடி. கீறாம தூக்கணும். இது ஒரிஜினல்."

கோர்ட் மைதானத்தில் ஊரே கூடியிருந்தது. டில்டாவுக்காக மற்ற வண்டிகள் வரிசையில் உறுமிக்கொண்டு நின்றன. அது முன்னால் வந்ததும் ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். கழற்றியவர்கள் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வலப்பக்கக் கதவு மொட்டை. பின் தொட்டியில் நசுங்கிய இன்னொரு கதவு. அது சாயாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு டெல்பர்ட் பென்னர்.

மேடையை நெருங்க நெருங்க ஜோலீன் டில்டாவின் வேகத்தைக் குறைத்தாள். பதிலை நான் சொல்கிறேன் என்று வழியெல்லாம் சொல்லிவந்த ஆர்டிஸ் இப்போது கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

மேடையில் கெண்டல் நின்றான். கையில் மைக். தங்கையைப் பார்த்தான். மொட்டைக் கதவைப் பார்த்தான். பின்னால் நிற்கிற கதவையும், அதைப் பிடித்திருக்கிறவரையும் பார்த்தபோது அவன் முகம் வெளுத்தது. கேட்காமல் விட்டுவிடுவான் என்று ஜோலீன் ஒரு கணம் ஆசைப்பட்டாள்.

"ஓர்லின் ஷ்ராக்கோட டில்டா." ஸ்பீக்கரில் அவன் குரல் வந்தது. "என்ன மாத்தினீங்க?"

கூட்டம் வழக்கம்போல மூச்சை இழுத்தது. 'ஒண்ணுமே' என்று இரண்டு மூன்று குரல் ஆரம்பித்தும் விட்டது.

"ஒரு கதவு!" என்று கத்தினாள் ஜோலீன்.

குரல்கள் நின்றன. அப்பாவின் முகம் அவள் கண்ணுக்கு முன்னால் வந்தது. அவர் அந்த ஒரு வாரம் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து எழுத்தெழுத்தாக வரைந்திருப்பதை நினைத்தபோது அவர் மேல் கோபத்தைவிடப் பாவம்தான் அதிகம் வந்தது.

"ஒரு கதவு மாத்தியிருக்கு! எங்கப்பாதான் மாத்தினார்! பழைய கதவு பின்னாடி இருக்கு. அதை இத்தனை வருஷம் பத்திரமா வெச்சிருந்து, இப்பப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறவர் எங்க மாமா!"

ஒருவரும் கைதட்டவில்லை. எங்கோ ஒரு குழந்தை மட்டும் பலூன் கேட்டு அழுதது. அப்போதுதான் பக்கத்திலிருந்து, கீச்சென்று, ஊருக்கே கேட்கும்படி ஆர்டிஸின் குரல் வந்தது.

"இடிச்சது நான்!"

பின்னாலிருந்து வண்டிக் கூரையில் இரண்டு தட்டு விழுந்தது. "ஓட்டு பாப்பா" என்றார் டெல்பர்ட். "பின்னாடி நூறு வண்டி நிக்குது."

ஜோலீன் கியரைப் போட்டாள். டில்டா முனகிக்கொண்டு நகர்ந்தது. மியூசியத்துத் திருப்பம் வந்தபோதுதான் கண்ணாடியைப் பார்க்கும் தைரியம் அவளுக்கு வந்தது.

மேடை காலியாக இருந்தது. மைக் தனியாக நின்றது. கெண்டல் கீழே இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்துகொண்டிருந்தான். அப்பாவின் காந்தம் சுற்றிய துணி இல்லாமல் அவன் கையில் மின்னியது, இனி மூடி வைக்க ஒன்றுமில்லை என்பது போல. அவன் இவர்கள் பின்னால் வருகிறானா, தன் காருக்குப் போகிறானா என்பது அந்தப் பழைய கண்ணாடியில் தெரியவில்லை.